பேர் சொல்லாத மருந்தின் பேரைச் சொல்லுங்கள்

விளக்கு வைத்த பிறகு நாட்டு மருந்துக் கடையில் வசம்பு என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ‘பேர் சொல்லாதது ஒரு துண்டு கொடுங்கள்’ என்றால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. கைக்குழந்தை உள்ள வீடுகள் பலவற்றில் உரைகல்லுக்கு அருகே, ஒரு முனை கருகிய நிலையில், இத்துண்டு கிடப்பதைக் காணலாம். விளக்கெண்ணெயில் தோய்த்து, விளக்குச் சுடரில் சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து, மோதிர விரலால் தொட்டுக் குழந்தையின் நாவில் தடவுவார்கள். வயிறு உப்பினால் வசம்பு, வீறிட்டு அழுதால் வசம்பு, பேச்சு வரத் தாமதமானால் வசம்பு.

எங்கள் குழந்தைகள் நலப் பிரிவின் சார்பில் இக்கட்டுரையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். குழந்தையின் நாவில் வசம்பு தடவுவதை நிறுத்துங்கள் என்பது ஒன்று. ஏற்கெனவே தடவியிருந்தால் அதனை எங்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்பது மற்றொன்று. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால், தயக்கமின்றி இரண்டாவதையே சொல்வோம். அதற்கான காரணத்தை விளக்க எங்கள் பிரிவில் நடந்த ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது.

நாற்பது நாள் நிறைந்த குழந்தை ஒன்றை ஓர் இரவு கொண்டுவந்தார்கள். பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை, இருமுறை வாந்தி எடுத்திருந்தது. அந்த வயதில் இவ்வாறு சோர்ந்து கிடக்கும் குழந்தையைக் கண்டால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றும் மூளைக்காய்ச்சலும்தான். வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம். தாய்ப்பால் தவிர ஒன்றுமில்லை என்றார் தாய். இரத்தம் எடுத்தோம்; முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தோம்; நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கினோம். விடியற்காலையில், வார்டைப் பெருக்க வந்த ஆயாவிடம் அக்குழந்தையின் பாட்டி மெல்லச் சொன்னார்: “ராத்திரி புள்ள அழுதுகிட்டே இருந்துச்சு தாயி. உரை மருந்த மூணு தடவ இழைச்சுப் புகட்டிட்டேன். சொன்னா ஏசுவாங்கன்னு பயந்து சொல்லல.”

உரை மருந்து என்பது வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் இழைத்துக் கொடுப்பது. அன்று அக்குழந்தையின் சோர்வுக்கு அதுவே காரணம் என்று நாங்கள் அறுதியிட்டுக் கூற இயலாது. பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று தெரிந்தது, ஒன்றரை நாளில் குழந்தை தெளிந்து பால் குடித்தது, அவ்வளவே. ஆயினும் அந்தப் பாட்டி அஞ்சியதில் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டதற்காக அதே தாயை எங்களில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டிருந்தார். ஒருமுறை ஏச்சு வாங்கியவர்கள் அடுத்த முறை வாய் திறக்கவில்லை. பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இனி வசம்புக்கு வருவோம். இது சேறும் நீரும் நிற்கும் இடங்களில், ஓடைக் கரைகளில், தானாக வளரும் செடி. வாள் போல நீண்ட இலைகள், கசக்கினால் மணம். சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டைத்தான் நாம் வேர் என்றும் கிழங்கு என்றும் சொல்லிக் காயவைத்து விற்கிறோம். இதனை உணவாகக் கொண்டவர்களும் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இக்கிழங்கைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் தின்பண்டமாக உண்டார்கள். கசப்பு மது வகைகளுக்கு மணமூட்டவும் சேர்த்தார்கள். எனவே ‘உண்ணத் தகாத காட்டுச் செடி’ என்று ஒரே சொல்லில் இதனைத் தள்ளிவிட முடியாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

காய்ந்த வசம்பை நீராவியில் வடித்தால் அதன் எடையில் சில விழுக்காடு மணமுள்ள எண்ணெய் கிடைக்கும். நல்லெண்ணெய் போன்ற கொழுப்பெண்ணெய் அன்று இது. திறந்து வைத்தால் காற்றில் ஆவியாகக் கூடியது. ஆய்வுக்கூடக் கருவியில் இட்டுப் பிரித்தால், ஒரே எண்ணெய்போல் தோன்றுவது பல பத்துப் பொருள்களின் கலவை என்று தெரியும். அவற்றுள் மருத்துவர்களின் கவனத்தை ஈர்ப்பது பீட்டா அசரோன். 12 கார்பன், 16 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன் அணுக்களால் ஆன சிறிய மூலக்கூறு. இதே அணுக்களைக் கொண்டு வால் மட்டும் வேறு பக்கம் திரும்பிய உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. அது ஆல்ஃபா அசரோன்.

இப்பொருள் எல்லா வசம்பிலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் செய்தியின் மையம். வசம்பில் குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் கொண்டு மூன்று முதன்மை வகைகளைப் பிரிக்கிறார்கள். வட அமெரிக்காவில் வளர்வதற்கு 24 குரோமோசோம்கள். அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் இல்லை. ஐரோப்பாவில் பரவியது 36 குரோமோசோம்கள் கொண்ட வகை. அதில் ஓரளவு உண்டு. ஆசியாவில் வளரும் 48 குரோமோசோம் வகையின் எண்ணெயிலோ பீட்டா அசரோன்தான் பெரும்பகுதி. 96 விழுக்காடு வரை அளவிடப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளில் 70, 80 விழுக்காடு என்பது வியப்புக்குரிய செய்தி அன்று. இலையும் மணமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்க, உள்ளே இருப்பது மட்டும் இவ்வளவு மாறுகிறது. கடையில் வாங்கும் துண்டு எவ்வகை, எத்தனை விழுக்காடு என்பதைக் கடைக்காரரும் அறியார்; நாங்களும் மோந்து பார்த்துக் கூற முடியாது.

அமெரிக்கரோ ஐரோப்பியரோ இக்கிழங்கைத் தின்றார்களே என்று எவரேனும் சொன்னால், அவர்கள் தின்றது நம் உரைகல்லில் இருப்பது அன்று என்பதை நினைவில் கொள்க.

1960களில் ஜம்முப் பகுதி வசம்பின் எண்ணெயை எலிகளின் தீவனத்தில் கலந்து இரண்டாண்டுக் காலம் கொடுத்துப் பார்த்தார்கள். தீவனத்தில் 0.05 விழுக்காடு தொடங்கி 0.5 விழுக்காடு வரை வெவ்வேறு அளவுகள். எலிகளின் சிறுகுடலில் புற்றுக்கட்டிகள் தோன்றின. இதன் பின்னர் 1968இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. பீட்டா அசரோனைத் தனியே கொடுத்த எலிகளிலும் பின்னர் அத்தகைய கட்டிகள் காணப்பட்டன. கல்லீரல் இதனை உடைத்து வெளியேற்ற முயலும்போது உருவாகும் இடைப்பொருள்கள் செல்லின் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொள்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2002இல், இவ்வளவு வரை தீங்கில்லை என்று ஒரு வரம்பை வகுக்க இயலாது என்றே கருத்துரைத்தது. இன்று அங்கே மது வகைகளில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா அசரோன் இருத்தல் கூடாது.

தொலைநாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் உணவில் மணமூட்டியாகச் சேர்க்கத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பீட்டா அசரோனை வைத்திருக்கின்றன. பெரியவர் தின்னும் பிசுக்கோத்தில் சேர்க்கக் கூடாது என்று விலக்கப்பட்ட பொருள், பிறந்து பத்து நாளான சிசுவின் நாவில் எவர் கேள்வியுமின்றித் தடவப்படுகிறது. இம்முரண்பாட்டைக் கண்டும் வாளாவிருப்பது எங்களுக்கு ஒவ்வவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உரைகல்லில் நாலைந்து சுற்று இழைத்தால் 50 மில்லிகிராம் வசம்பு தேய்வதாகக் கொள்வோம். அதில் 3 விழுக்காடு எண்ணெய் என்றால் 1.5 மில்லிகிராம். அவ்வெண்ணெயில் 80 விழுக்காடு பீட்டா அசரோன் என்றால் 1.2 மில்லிகிராம். ஐரோப்பாவில் வளர்ந்த ஆள் ஒருவர் ஒரு கிலோ மது அருந்தினாலும் அதில் இதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் இருப்பதோ நாலு கிலோ எடையுள்ள குழந்தை. சுடும்போது எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும் என்பீர்கள்; உண்மைதான். முன்னோர் சுட்டுக் கொடுத்ததில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் மேலே கருகிய துண்டின் உட்பகுதி எவ்வளவு சூடேறியது, எவ்வளவு போயிற்று, எவ்வளவு எஞ்சியது என்பதை விளக்குச் சுடர் சொல்லாது. ஒருநாள் நன்கு கருகும், மறுநாள் அவசரத்தில் அரைகுறையாகச் சுடப்படும். பாட்டியின் கை அளவு ஒன்று, பெரியம்மாவின் கை அளவு வேறு. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்தைக்கூட எடையைப் பார்த்து மில்லிலிட்டரில் அளந்து கொடுக்கச் சொல்கிறோம்; இதற்கு மட்டும் அளவே இல்லை.

வசம்பால் மனிதருக்குப் புற்றுநோய் வந்தது என்று நிறுவப்பட்டிருக்கிறதா? இல்லை. அச்சுறுத்துவதற்காக இதனை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. எப்போதோ ஒருமுறை தடவியதால் உங்கள் குழந்தைக்குக் கேடு வந்துவிடும் என்று எண்ணி உறக்கம் இழக்க வேண்டாம். ஆனால் நன்மை இன்னதென்று அளந்து காட்டப்படாத ஒன்றுக்காக, மரபுப் பொருளைத் தாக்கக் கூடிய ஒரு பொருளை, கல்லீரலும் முழுமையாக முதிராத வயதில் நாள்தோறும் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. எங்கள் விடை, வேண்டாம் என்பது.

‘நாங்கள் எல்லாரும் இதைத் தின்றுதானே வளர்ந்தோம்’ என்று புறநோயாளிப் பிரிவில் வாரம் ஒருவராவது சொல்கிறார். வளர்ந்தவர்கள் வந்து சொல்கிறார்கள். வளராமல் போனவர்கள் வந்து சொல்ல முடியாது. 1951இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 146 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன என்பது அரசின் கணக்கு. 2020இல் அது 28 ஆகக் குறைந்துவிட்டது. அன்று இறந்தவற்றை வசம்பு கொன்றது என்று நாங்கள் சொல்லவில்லை; அவற்றை வசம்பு காக்கவும் இல்லை. காத்தவை தடுப்பூசியும் தூய நீரும் தாய்ப்பாலும், காலத்தில் கிடைத்த சிகிச்சையும்.

முன்னோர் அறிவை இகழ்வது எங்கள் நோக்கம் அன்று. ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காக்க வசம்பைப் பயன்படுத்தியவர்கள் அதன் ஆற்றலை நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1977இல் ஜம்முவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பீட்டா அசரோன் பூச்சிகளை மலடாக்குகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுவடி காத்தவர்களின் பட்டறிவுக்கு அது ஒரு சான்று. ஆகவே அரிசிப் பானையிலும் புத்தக அலமாரியிலும் வசம்பு இருக்கட்டும். பூச்சியை விரட்டும் அளவுக்கு வலிமை உள்ள பொருள் பச்சிளங்குழந்தையின் குடலில் மட்டும் மென்மையாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

தொப்புளைச் சுற்றிப் பூசுவது குறித்தும் கேட்கிறீர்கள். தொப்புள்கொடி உதிர்ந்து புண் முற்றிலும் ஆறிய பிறகு, சுட்ட வசம்பை வயிற்றின் மேல்தோலில் சிறிது தடவினால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். ஆறாத தொப்புளில் எதுவும் படக் கூடாது. கரியும் எண்ணெயும் சாம்பலும் கிருமிக்கு வழி திறந்துவிடும். வசம்பைக் கோத்துக் கையில் கட்டும் வளையல் எங்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் மாதம் முதல் குழந்தையின் கை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் வீறிட்டு அழும் குழந்தையை என்ன செய்வது? பிறந்த இரண்டாவது வாரம் முதல் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சம் எட்டி, மூன்று நான்கு மாதத்தில் தானே தணிவது பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு. மூன்றாம் மாதத்தில் அழுகை நின்றதும் அப்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பால் கொடுத்த பின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள்; மார்பில் சரியாகப் பற்றிக் குடிக்கிறதா என்று செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்; நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்ல நடங்கள். தாய் களைத்துப் போனால் குழந்தையை வேறொருவர் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளட்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வயிறு கல்போல் உப்பினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, உரைகல்லைத் தேடாமல் உடனே புறப்பட்டு வாருங்கள். இரவு என்று பார்க்க வேண்டாம்.

பேச்சு வராத குழந்தையைப் பற்றித் தனியே ஒரு சொல். வசம்பைத் தேனில் குழைத்து நாவில் தடவினால் நா புரளும் என்ற நம்பிக்கை எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக் கூடிய ஒருவகைக் கிருமியின் விதைகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அதனினும் பெரிய இழப்பு காலம். பேசாத குழந்தைகளில் சிலருக்குக் காது கேட்பதில்லை. அதைச் சில நிமிடச் சோதனையில் கண்டுபிடிக்கலாம். முதலாண்டிலேயே கண்டுபிடித்தால் கருவி பொருத்திப் பேசப் பழக்கலாம். மூன்று வயது வரை நாவைத் தடவிக் காத்திருந்து பின்னர் வருகிற பெற்றோரின் முகத்தைப் பார்த்து, ‘முன்பே வந்திருக்கலாமே’ என்று சொல்ல எங்களுக்கு நா எழுவதில்லை.

பெரியவர்களும் தொண்டைக் கட்டுக்கும் நினைவாற்றலுக்கும் என்று வசம்பை மென்று விழுங்குகிறார்கள். வடித்த எண்ணெயையே வாங்கி உட்கொள்வோரும் உண்டு. வலிப்பு மருந்து, உறக்க மாத்திரை, மனநல மருந்து உண்பவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொட வேண்டாம். கருவுற்ற பெண்களுக்கு அறவே கூடாது. வடித்த எண்ணெய் எவருக்கும் உள்மருந்து அன்று.

பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டி, அவர் அளந்து கொடுத்த மருந்தை உட்கொள்பவர்கள் அச்சீட்டை எங்களிடமும் காட்டுங்கள். அதைக் கண்டு முகம் சுளிக்க மாட்டோம்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு மாற்றம் செய்தோம். முன்பெல்லாம் சேர்க்கைப் படிவத்தில் ‘வேறு மருந்து ஏதேனும் கொடுத்தீர்களா?’ என்ற ஒரே வரிதான் இருந்தது. வசம்பை எவரும் மருந்து என்று எண்ணாததால் ‘இல்லை’ என்றே விடை வந்தது. இப்போது உரை மருந்து, வசம்பு, சாதிக்காய், தேன், ஓமநீர், மூக்கில் எண்ணெய், தொப்புளில் பூச்சு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். தாயிடம் மட்டுமன்றி உடன் வந்த பாட்டியிடமும், மற்றவர் காதில் விழாதபடி தனியே. ‘ஆம்’ என்று சொன்னால் கடிந்துகொள்ளக் கூடாது என்பது மருத்துவர், செவிலியர், பயிற்சி மாணவர் அனைவருக்கும் விதி. எங்களில் எவரேனும் அவ்விதியை மீறினால் வார்டின் வாயிலில் உள்ள பெட்டியில் எழுதிப் போடுங்கள். எழுத இயலாதவர்கள் அந்த ஆயாவிடம் சொல்லலாம். அவர் காலை ஆறு மணிக்கு வருவார்.